படகில் ஆவணங்கள், குறிப்பேடுகள், ஸ்பேர் பட்டியல்: எதை எங்கே எப்படி வைப்பது?

#1 சோழகம்

வணக்கம். 11 மீட்டர் பாய்மரப் படகு, ஒரே டீசல் இன்ஜின், வழக்கமாக நாலு பேர். பதிவுச் சான்று, காப்பீடு, இன்ஜின் கையேடு, பம்ப் வாங்கிய ரசீது, முன்னாள் உரிமையாளர் கையால் வரைந்த வயரிங் படம் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பெட்டியில் கிடக்கின்றன. எதைத் தேடினாலும் பெட்டியைக் கவிழ்க்க வேண்டியிருக்கிறது.

இதை எப்படிப் பிரிப்பது? நோட்டா, ஆப்பா? எவ்வளவு விவரம் எழுதினால் போதும்? ஆறு மாதத்தில் கைவிடுகிற மாதிரி ஒன்றை ஆரம்பிக்க விருப்பமில்லை.

#2 கொண்டல்

பொருள்வாரியாகப் பிரிக்காதீங்க. எல்லாரும் முதலில் அதைத்தான் செய்வார்கள். "இன்ஜின்" என்று ஒரு ஃபைல் போட்டால் அதில் வாங்கிய ரசீதும் இருக்கும், ஆயில் மாற்றிய தேதியும் இருக்கும், கேஸ்கெட்டின் எண்ணும் இருக்கும். மூன்றும் மூன்று ஜாதித் தகவல். ஒன்று என்றைக்கும் மாறாது. ஒன்றுக்குக் கெடு உண்டு. ஒன்று நாளுக்கு நாள் வளரும். மூன்றையும் ஒரே இடத்தில் போட்டதுதான் உங்கள் பெட்டியின் வியாதி.

மாறாதது ஒரே ஒரு ஏ4 தாள், இரண்டு பக்கமும். நீளம், அகலம், நீருக்குக் கீழே ஆழம், நீர்மட்டத்திலிருந்து மாஸ்ட் உச்சி வரை உயரம் (ஆன்டெனாவையும் சேர்த்து, பாலத்துக்கு அடியில் போகும்போது முதலில் இடிப்பது அதுதான்), எடை, ஹல் எண், ரேடியோ அழைப்புக் குறி, 9 இலக்க எம்எம்எஸ்ஐ (ரேடியோவின் அடையாள எண்), ஈபிர்பின் (ஆபத்தில் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும் பீக்கன்) 15 எழுத்து அடையாள எண். இன்ஜின், கியர்பாக்ஸ் சீரியல் எண்கள், கியர் விகிதம். புரொப்பல்லர் விட்டம், பிட்ச், எத்தனை பிளேடு, வலம்சுழியா இடம்சுழியா. ஷாஃப்ட் விட்டம். கட்லஸ் பேரிங்கின் (ஷாஃப்டைத் தாங்கும் ரப்பர் பேரிங்) உள்விட்டம், வெளிவிட்டம், நீளம். ஒவ்வொரு மாஸ்ட் வயரின் தடிமன், பின் அளவு. ஹல் எண் எங்கே என்று தேடினால், பின்பக்கப் பலகையில் வலது பக்கம் மேலே பாருங்க.

படகைக் கரையேற்றும்போது பக்கவாட்டில் தள்ளி நின்று கீல், சுக்கான், ஷாஃப்ட் மூன்றும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து, ஸ்லிங் (கிரேனின் தூக்குப்பட்டை) எங்கே விழுந்தது என்று அதன்மேல் கோடு போட்டு வையுங்க. அடுத்த முறை வேறு ஊர், வேறு கிரேன். ஓட்டுநர் முதலில் கேட்பது அதைத்தான். ஸ்லிங் ஷாஃப்டின் மேலோ லாக் (வேகமும் தூரமும் அளக்கும் கருவி) சென்சாரின் மேலோ விழுந்தால் அன்றைய வேலை இரட்டிப்பாகும்.

கெடு உள்ளதற்கு ஒரே பக்கம். அதைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். வளர்வதற்கு இரண்டு நோட்டு: லாக் புக் (பயணப் பதிவு) ஒன்று, பராமரிப்பு நோட்டு ஒன்று. இரண்டையும் ஒன்றாக்காதீங்க.

எந்த முறையானாலும் ஒரு சோதனை வையுங்க. நீங்கள் தூங்குகிறீர்கள், படகு உருளுகிறது, இருட்டு. உங்களைத் தவிர இன்னொருவர் அரை நிமிஷத்தில் அந்தத் தகவலை எடுக்க முடிகிறதா?

#3 இன்ஜின்ரூம்

பராமரிப்பு நோட்டு பற்றி மட்டும் சொல்றேன்.

தேதியை முதல் கட்டமாகப் போடாதீங்க, இன்ஜின் மணியைப் போடுங்க. கட்டங்கள் ஐந்து போதும்: மணி, தேதி, என்ன செய்தது, என்ன பாகம் போட்டது (எண்ணோடு), அடுத்தது எப்போது. கடைசிக் கட்டம்தான் உயிர். "1240 மணி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றியது" என்று எழுதி விட்டால் அது வெறும் சரித்திரம். "அடுத்தது 1390 மணி அல்லது 12 மாதம், எது முந்தியோ" என்று எழுதினால்தான் நோட்டு வேலை செய்யும். இடைவெளி எவ்வளவு என்பதை உங்கள் இன்ஜின் கையேட்டில் பார்த்து எழுதுங்க, அடுத்தவர் படகைப் பார்த்து எழுதாதீங்க.

ஃபில்டர் மாற்றினால் அதன் உடம்பிலேயே மார்க்கரால் தேதியும் மணியும் எழுதுங்க. நோட்டைத் திறக்காமலே தெரியும்.

இம்பெல்லருக்கு (கடல்நீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரம்) தனிப் பக்கம் ஒதுக்குங்க. அதில் இருக்க வேண்டியது: பம்பின் தயாரிப்பாளர், மாடல் (இன்ஜின் மாடல் இல்லை, கடல்நீர் பம்ப் பெரும்பாலும் வேறு கம்பெனி, அதன் தகடு தனியாக இருக்கும்), இம்பெல்லர் எண், எத்தனை இதழ், மூடித் திருகு எந்த அளவு, கேஸ்கெட் தாளா ஓ-ரிங்கா, சுழலும் திசைக்கு ஒரு அம்புக்குறி. இதழ் எண்ணிக்கை எதற்கு என்றால், பழையதைக் கழற்றும்போது எண்ண வேண்டும். ஆறில் நாலுதான் இருக்கிறது என்றால் மீதி இரண்டு துண்டு எங்கோ போய் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில். "2 துண்டு கிடைக்கவில்லை" என்று நோட்டில் எழுதி வைத்தால், மூணு மாசம் கழித்து வெப்பநிலை ஏறும்போது எங்கே கை வைப்பது என்று உடனே தெரியும்.

#4 கடல்நாரை

எல்லாரும் 1980-லேயே நிற்கிறீர்களே! ஒரு ஸ்ப்ரெட்ஷீட், ஒரு டேப்லெட், கையேடெல்லாம் பிடிஎஃப். தேடினால் ஒரு நொடியில் வரும். ஒரு படகின் கையேடுகளை அடுக்கினால் ஒரு முழம் உயரம் வரும், அந்த எடையையும் ஈரத்தையும் ஏன் சுமக்க வேண்டும்?

#5 உப்புக்காற்று

நாரை சொல்வதில் பாதி சரி. கையேடுகளை டிஜிட்டலில் வைப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் காகிதம் கெட்டுப் போகிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் தப்பான காகிதத்தில் தப்பான மையால் எழுதியவர்கள்.

ஜெல் பேனா, மைப் பேனா இரண்டும் வேண்டாம். ஒரு சொட்டு தண்ணீரில் பக்கம் முழுக்க நீலக் குளம். பால்பாயின்ட் கரையாது, ஆனால் ஈரத் தாளில் எழுதாது. பென்சில் இரண்டையும் தாங்கும். எச்பி மங்கலாக விழும், 2பி சரியாக இருக்கும். நோட்டோடு நூலில் கட்டி விடுங்க, இல்லாவிட்டால் முதல் அலையிலேயே பில்ஜுக்கு (படகின் அடிக்குழி) போய்விடும்.

பிரிண்ட் எடுப்பதென்றால் லேசர் பிரிண்ட். வீட்டு இங்க்ஜெட்டில் எடுத்தது பெரும்பாலும் ஈரத்தில் கரையும். லேசரிலும் ஒரு வில்லங்கம் உண்டு: பிவிசி உறையில் போட்டால் வெயில் சூட்டில் டோனர் உறையோடு ஒட்டிக்கொண்டு, தாளை உருவும்போது எழுத்து உறையிலேயே தங்கிவிடும். பாலிப்ரொப்பிலீன் உறை என்று கேட்டு வாங்குங்க. கொஞ்சம் சொரசொரப்பாக, பால் நிறமாக இருக்கும்.

லேமினேஷன் செய்தால் தாளைச் சுற்றி 5 மில்லிமீட்டராவது வெறும் பிளாஸ்டிக் ஓரம் விட வேண்டும். ஓரத்தை ஒட்ட வெட்டினால் தாளின் விளிம்பு வழியாக ஈரம் ஏறி உள்ளே பூஞ்சை பிடிக்கும். துளை போடுவதும் அப்படியே. தாளின் மேல் துளைக்காமல், ஒரு பக்கம் அகல ஓரம் விட்டு அதில் துளையுங்க.

கடை ரசீதுகளை மட்டும் லேமினேட் செய்யவே கூடாது. அவை வெப்பத் தாள். மெஷினுக்குள் போய் வரும்போது முழுக் கறுப்பாக வரும். சும்மா வைத்தாலும் படகுச் சூட்டில் எழுத்து மங்கிவிடும். வாரன்டி உள்ள பொருளின் ரசீதை வாங்கிய அன்றே நகல் எடுங்க.

ரிங் ஃபைலின் இரும்பு வளையம் துருப்பிடித்து தாள்களில் காவி வட்டம் போடும். பிளாஸ்டிக் வளையம் பாருங்க. அதைவிட முக்கியமாக, இரும்புக் கிளிப் வைத்த எழுதுபலகையையும் இரும்பு வளைய ஃபைலையும் திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீங்க. ஊசி திரும்பும், நீங்களும் திரும்புவீர்கள்.

#6 கொண்டல்

» ஒரு ஸ்ப்ரெட்ஷீட், ஒரு டேப்லெட்

நாரை, டேப்லெட்டுக்கு நான் எதிரியில்லை. ஆனால் மூன்று ஓட்டைகளை அடைத்துவிட்டு நம்புங்க. முதலாவது, போனிலும் டேப்லெட்டிலும் "இடத்தை மிச்சப்படுத்து" என்ற அமைப்பு இருந்தால், நீங்கள் பார்ப்பது போட்டோவின் சின்ன நகல்தான். அசல் கரையில் ஏதோ சர்வரில் இருக்கும். சீரியல் எண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் மங்கல் தெரியும், அப்போது சிக்னல் இருக்காது. கிளம்பும் முன் ஏர்பிளேன் மோடில் போட்டு ஒவ்வொரு ஃபைலையும் திறந்து பாருங்க. இரண்டாவது, ஆப் தன் சொந்த வடிவில் சேமித்தால் ஆப் நின்ற அன்று தகவலும் நின்றது. சிஎஸ்வியாகவும் பிடிஎஃப்பாகவும் மாதம் ஒருமுறை எடுத்து வைத்தால் கவலையில்லை.

மின்னல் மூன்றாவது. மாஸ்டில் விழுந்தால் பிளாட்டர் (மின்வரைபடத் திரை), ரேடியோ, சார்ஜரில் செருகியிருந்த டேப்லெட் எல்லாம் ஒரே சமயத்தில் போகலாம். இடி வரும்போது ஒரு போனையும் யுஎஸ்பியையும் சமையல் ஓவனுக்குள் வைப்பது பலர் வழக்கம். இரும்புப் பெட்டிதானே, ஓரளவு காக்கும். திரும்பச் சூடேற்றும் முன் எடுக்க மறக்காதீங்க.

ஃபைல் பெயரில் வருஷம் முதலில், மாதம், நாள்: 2025-03-14 இம்பெல்லர். அப்படிப் போட்டால் தானாகவே காலவரிசையில் நிற்கும்.

#7 கடல்நாரை

ஏர்பிளேன் மோட் சோதனை நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். ஓவன் விஷயம் எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் செய்வேன்.

என் பக்கமும் ஒன்று. பிளாட்டரில் சேமித்த வழிப்புள்ளிகளை ஜிபிஎக்ஸ் (எந்தப் பிளாட்டரும் படிக்கும் பொது வடிவம்) ஃபைலாக மெமரி கார்டில் எடுத்து வையுங்கள். பிளாட்டர் செத்தால் புள்ளிகளும் அதோடு சாகும். முக்கியமான புள்ளிகளை நோட்டில் எழுதினால் எந்த வடிவில் எழுதினீர்கள் என்று பக்கத்தின் தலையில் குறியுங்கள். 30.50′ என்பது முப்பதரை நிமிடம். அதை ஒருவர் 30′ 50″ என்று படித்தால் அட்சரேகையில் மூன்றில் ஒரு கடல் மைல், ஏறத்தாழ 617 மீட்டர் தள்ளிப் போகும். திட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதற்கு அது போதும்.

#8 சோழகம்

நன்றி. எனக்கு ஒன்று புரியவில்லை. லாக் புக்குக்குக் கழற்றி மாட்டும் தாள் நல்லதா, தைத்த நோட்டா? கழற்றும் தாளில் பக்கம் நனைந்தால் மாற்றலாமே?

#9 வாடை

தைத்த நோட்டு, பக்க எண்களோடு. மாற்றலாம் என்பதுதான் கழற்றும் தாளின் கோளாறு. மோதலோ காப்பீட்டுத் தகராறோ வந்தால், நடந்த நேரத்திலேயே எழுதியது என்று காட்டத்தான் லாக் புக். பக்கத்தை உருவிச் செருகக்கூடிய நோட்டை யாரும் மதிக்க மாட்டார்கள். தப்பாக எழுதினால் ரப்பரால் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோட்டால் அடித்து, அடியில் இருப்பது படிக்கும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, முன்னெழுத்துப் போட வேண்டும். உப்புக்காற்று பென்சில் என்றது பராமரிப்பு நோட்டுக்குப் பொருந்தும். லாக் புக்கில் பால்பாயின்ட் நல்லது. தாள் நனைந்திருந்தால் மட்டும் பென்சில்.

பெரிய கப்பல்களுக்கு இது சட்டம். சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) ஐந்தாம் அத்தியாயம், 28-ஆம் விதி சர்வதேசப் பயணத்தில் கப்பலோட்டப் பதிவுகளை வைத்திருக்கச் சொல்கிறது. உங்கள் அளவுப் படகுக்கு உங்கள் கொடிநாட்டு விதி என்ன சொல்கிறதோ அது. சட்டம் கேட்காவிட்டாலும் காரணம் ஒன்றுதான்: ஜிபிஎஸ் நின்றுபோனால், கடைசியாக எழுதிய இடம், நேரம், திசை, வேகம் இந்த நான்கிலிருந்துதான் இப்போது எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போட வேண்டும். கடைசிப் பதிவு ஆறு மணி நேரத்துக்கு முந்தியது என்றால், 5 நாட் வேகத்தில் 30 மைல் கண்ணைக் கட்டிய கணக்கு.

கட்டங்கள்: நேரம், அட்ச தீர்க்க ரேகை, திசைகாட்டித் திசை, லாக் காட்டும் தூரம், காற்றின் திசையும் வலுவும், காற்றழுத்தம், இன்ஜின் மணி, குறிப்பு, யார் எழுதியது. நேரம் யூடிசியா (உலகப் பொது நேரம்) உள்ளூர் நேரமா என்று ஒவ்வொரு பக்கத்தின் மேலும் எழுதுங்கள். ஓத (கடல் ஏற்ற இறக்க) அட்டவணை ஒரு நேரத்திலும் லாக் வேறு நேரத்திலும் இருந்தால் ஓதம் தப்பும்.

காற்றழுத்தக் கட்டத்தைப் பலர் நிரப்புவதே இல்லை. வெப்பமண்டலக் கடலில் அதுதான் மிக மதிப்புள்ளது. அங்கே அழுத்தம் தினமும் தானாக ஏறி இறங்கும்: காலை 10, இரவு 10 மணி வாக்கில் உச்சம், 4 மணிகளில் அடி. வித்தியாசம் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல். நாலைந்து நாள் எண்கள் கையில் இருந்தால்தான் மாலை 4 மணிக்கு விழுவது தினசரி விழுவதா, வேறு ஏதாவதா என்று சொல்ல முடியும். தினசரி அசைவைக் கழித்த பிறகும் அந்தப் பருவத்தின் சராசரிக்கு 3 ஹெக்டோபாஸ்கல் கீழே என்றால் சந்தேகப்பட வேண்டும். 5 கீழே என்றால் பக்கத்தில் புயல் என்பதில் ஐயம் குறைவு. பாரோமீட்டர் இப்போது காட்டும் ஒற்றை எண்ணை வைத்து இதைச் சொல்லவே முடியாது.

#10 பில்ஜ்காவலன்

» எவ்வளவு விவரம் எழுதினால் போதும்

கரையோரம் பகலில் போய் வருவதற்கு மணிக்கொரு பதிவு தேவையில்லை, கிளம்பியது, சேர்ந்தது, எரிபொருள், வானிலை போதும். கரை மறைந்ததும் மணிக்கு ஒன்று. அதற்கு மேல் கேட்டால் யாரும் எழுத மாட்டார்கள், எழுதியதாகக் கற்பனை பண்ணுவார்கள்.

நான் சொல்ல வந்தது லாக்கர் எண்கள். ஸ்பேர் பட்டியல் எல்லார் படகிலும் இருக்கிறது, பொருள்தான் கிடைப்பதில்லை. "முன் கட்டிலுக்கு அடியில்" என்று எழுதினால் எந்தக் கட்டில், எந்த மூடி? லாக்கர் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்க. அணியத்திலிருந்து (படகின் முன்முனை) பின்னோக்கி, இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை. அப்போது 7 என்று சொன்னாலே இடப்பக்கம் நாலாவது என்று தெரியும். எண்ணை மூடியின் உள்பக்கம் ஒட்டுங்க, வெளியில் அசிங்கமாக இருக்காது.

பட்டியலை இரண்டு விதமாக அச்சடிக்க வேண்டும். ஒன்று அகரவரிசையில்: இம்பெல்லர், 7. இன்னொன்று லாக்கர் வரிசையில்: 7-ல் என்னென்ன. முதலாவது தேட, இரண்டாவது சரிபார்க்க. ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை இருக்கிறது, எத்தனைக்குக் குறைந்தால் வாங்க வேண்டும் என்று இரண்டு எண். எடுத்தவுடன் பென்சிலால் குறைக்க வேண்டும். இந்தப் பழக்கம் வராத படகில் பட்டியல் பொய் சொல்லத் தொடங்கும். பொய் சொல்லும் பட்டியலைவிடப் பட்டியல் இல்லாததே மேல்.

வயரிங்: பழைய உரிமையாளர் வரைந்த படத்தை நம்பாதீங்க, தூக்கியும் போடாதீங்க. ஒவ்வொரு வயருக்கும் ஒரு எண், இரண்டு முனையிலும் அதே எண். "கேபின் விளக்கு" என்று பெயர் எழுதினால் நாளைக்கு அதில் ஃபேன் மாட்டுவீர்கள், பெயர் பொய்யாகும், எண் பொய்யாகாது. நோட்டில் எண்ணுக்கு எதிரே: எங்கிருந்து எங்கே, வயர் தடிமன், ஃபியூஸ் எத்தனை ஆம்பியர். மாஸ்கிங் டேப்பில் பேனாவால் எழுதி ஒட்டினால் சூட்டில் பசை காய்ந்து உதிரும். பிளாஸ்டிக் பூச்சுள்ள லேபிள் டேப்பைச் சுற்றி, மேலே ஒளிபுகும் ஹீட்ஷ்ரிங்க் ஏற்றினால் நிற்கும். முனை இணைப்பு போடும் முன்பே ஷ்ரிங்கை வயரில் கோக்க வேண்டும். மறப்பதற்கென்றே பிறந்த வேலை அது.

கடைசியாக, படகின் அடிப்பாகத் துளைகளில் உள்ள வால்வுகள். மேலிருந்து பார்த்த மாதிரி படகு வரைந்து ஒவ்வொரு வால்வையும் புள்ளி வைத்து, எந்தத் தரைப்பலகையைத் தூக்க வேண்டும், துளை எவ்வளவு என்று எழுதி, படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுங்க. ஃபைலுக்குள் வைத்தால் பிரயோசனமில்லை. தண்ணீர் வரும்போது யாரும் ஃபைல் திறக்க மாட்டார்கள். சாதாரண பந்து (ball) வால்வில் கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது, அதையும் படத்திலேயே எழுதுங்க. அந்தந்தத் துளை அளவுக்கு ஒரு கட்டைத் தக்கை, வால்விலேயே கயிற்றில்.

#11 சோழகம்

காவலன் அண்ணே, லாக்கர் ஒற்றைப்படை இரட்டைப்படை இன்றைக்கே செய்துவிட்டேன், 22 வந்தது.

டீசல் டேங்க் கேஜ் முக்கால் என்று காட்டும், கொஞ்ச நேரத்தில் கால் என்று காட்டும். இதற்கும் ஏதாவது எழுதி வைக்கலாமா?

#12 இன்ஜின்ரூம்

வைக்கலாம் தம்பி, வைக்கணும். படகு டேங்க் செவ்வகமாக இருக்காது, ஹல்லின் வளைவுக்கு ஏற்றபடி கீழே குறுகியிருக்கும். மிதவை உயரத்தைத்தான் அளக்கிறது, லிட்டரை இல்லை. அதனால் பாதி உயரம் என்றால் பாதிக்கும் குறைவான எண்ணெய்.

டேங்க் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும்போது, படகு சமமாக மிதக்கும்போது தொடங்குங்க. மரக்குச்சி ஒன்றை நேராக அடிவரை இறக்கி, நனைந்த உயரத்தை மில்லிமீட்டரில் எழுதுங்க. 10 லிட்டர் ஊற்றுங்க. நுரை அடங்க விட்டு மறுபடி குச்சி. இப்படி நிறையும் வரை. இரண்டு கட்ட அட்டவணை கிடைக்கும்: மில்லிமீட்டர், லிட்டர். தொடங்கும்போது அடியில் எவ்வளவு இருந்தது என்று தெரியாது என்பதால் முதல் வரிசையை "எடுக்க முடியாதது" என்று வைத்துக் கணக்குப் போடுங்க. இழுக்கும் குழாய் அடிவரை போவதில்லை, அதனால் பெரிய தப்பு வராது. குச்சியில் கத்தியால் கீறுங்க, மார்க்கரை டீசல் தின்றுவிடும்.

பேட்டரிக்கும் ஒரு அட்டவணை உண்டு. ஈய அமில பேட்டரி என்றால், சார்ஜும் சுமையும் நிறுத்திச் சில மணி நேரம் கழித்து 12.7 வோல்ட் முழுசு, 12.2 பாதி. மாதம் ஒருமுறை ஒரே மாதிரி அளந்து எழுதினால் கிழமாவது எண்ணிலேயே தெரியும். லித்தியம் என்றால் வோல்ட் கடைசிவரை அசையாமல் நின்று திடீரென விழும், அதற்கு ஷன்ட் மீட்டர்தான் (உள்ளே போன, வெளியே வந்த மின்சாரத்தைக் கணக்கிடும் கருவி).

#13 வாடை

காலாவதிப் பக்கம் யாரும் எடுக்காததால் நானே.

ஒரே தாள், பன்னிரண்டு மாதமும் வரிசையாக. பொருள்வாரியாக இல்லாமல், கெடு முடியும் மாதத்தின் கீழே எழுதுங்கள். மாதம் பிறந்ததும் அந்த வரியை மட்டும் பார்த்தால் போதும். அதில் வர வேண்டியவை: ஒளிச்சமிக்ஞைகள் (தேதி உடம்பிலேயே அச்சிட்டிருக்கும்), உயிர்த்தெப்பம் சர்வீஸ், ஈபிர்ப் பேட்டரி, அதன் நீரழுத்த விடுவிப்பான் (படகு மூழ்கினால் பீக்கனைத் தானாக விடுவிப்பது; மாட்டிய நாளிலிருந்து 2 வருஷம், வருஷமும் மாதமும் அதிலேயே குறிக்க இடம் இருக்கும், பலர் குறிக்காமல் மாட்டிவிடுகிறார்கள்), தீயணைப்பான், லைஃப் ஜாக்கெட்டின் தானியங்கிக் கேப்சூல், மருந்துகள், காப்பீடு, ரேடியோ உரிமம், ஓத அட்டவணைப் புத்தகம்.

லைஃப் ஜாக்கெட் சிலிண்டரைச் சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். குறைந்தபட்ச எடை சிலிண்டரிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனால் வாயு கசிந்திருக்கிறது, மாற்றியாக வேண்டும். ஜாக்கெட்டுக்கு ஒரு எண், நோட்டில் ஒரு வரி, ஒவ்வொரு முறையும் எடை. எண் இல்லாவிட்டால் எதை நிறுத்தோம் எதை நிறுக்கவில்லை என்று நாலு ஜாக்கெட்டிலேயே குழப்பம் வரும்.

ஈபிர்ப் பதிவு முக்கியம். படகு கைமாறினால் பீக்கனும் கைமாறும், பதிவில் பழைய உரிமையாளரின் தொலைபேசி எண் நிற்கும். சோழகம், முதலில் அதைப் பாருங்கள். விஎச்எஃப் ரேடியோவிலும் அப்படித்தான். மெனுவில் போய் அதில் ஏற்றியிருக்கும் எம்எம்எஸ்ஐயை உங்கள் உரிமத்தோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான செட்டுகளில் அதை நாமே மறுபடி மாற்ற முடியாது, சர்வீஸ் கடைக்குத்தான் போக வேண்டும்.

ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டிய அட்டை: சிவப்பு மூடியைத் தூக்கி பட்டனை 5 நொடி அழுத்திப் பிடி. பிறகு சேனல் 16, முழு சக்தி. மேடே மூன்று முறை. படகின் பெயர் மூன்று முறை, அழைப்புக் குறி, எம்எம்எஸ்ஐ. மறுபடி மேடே, பெயர். இடம். என்ன ஆபத்து. என்ன உதவி வேண்டும். எத்தனை பேர். ஓவர். பெயரும் எண்களும் அச்சில் நிரப்பியிருக்க வேண்டும், இடத்துக்கு மட்டும் வெற்றுக் கோடு. ஜிபிஎஸ் திரையில் இடத்தை எங்கே படிப்பது என்று கீழே ஒரு வரி. இதைப் படிக்கப் போவது படகுக்கு முதல்முறை வந்த விருந்தாளியாகவும் இருக்கலாம்.

#14 சோழகம்

எல்லாம் சேர்த்து இப்படி யோசித்திருக்கிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்க. லாக் புக் சார்ட் மேசையில். பராமரிப்பு நோட்டும் டேங்க் அட்டவணையும் இன்ஜின் மூடிக்குப் பக்கத்தில். அட்டைகள் அந்தந்த இடத்தில் ஒட்டியபடி. பதிவுச் சான்று, காப்பீடு, உரிமம் மூன்றையும் லேமினேட் செய்து கிராப் பேக்கில் (படகைக் கைவிடும்போது எடுத்துப்போகும் பை). கையேடுகள் டேப்லெட்டில், யுஎஸ்பியில் ஒரு நகல். குப்பை அறிவிப்புப் பலகை தேவையா?

#15 கொண்டல்

அசலை லேமினேட் செய்யாதீங்க! முத்திரை போட முடியாது, பின்பக்கம் குறிப்பெழுத முடியாது, பல அலுவலகங்களில் செல்லாது என்றே சொல்வார்கள். இரட்டை ஜிப் உறையில் சிலிக்கா பையோடு வையுங்க. லேமினேட் நகலுக்கு மட்டும். ஒவ்வொன்றிலும் லேமினேட் செய்யாத ஐந்து நகல் எடுத்து வைத்தால் துறைமுகத்தில் ஜெராக்ஸ் தேடி அலைய வேண்டாம். ஆள் பட்டியலை ஐஎம்ஓவின் (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எஃப்ஏஎல் படிவம் 5 வடிவில் தயார் பண்ணுங்க: பெயர், பதவி, நாடு, பிறந்த தேதியும் ஊரும், அடையாள ஆவணத்தின் வகையும் எண்ணும். பல துறைமுகங்களில் அதையே வாங்கிக்கொள்வார்கள். கடைசித் துறைமுகம் தந்த கிளியரன்ஸ் (கிளம்ப அனுமதிச் சீட்டு) எப்போதும் மேலே இருக்கட்டும், அடுத்த இடத்தில் முதலில் கேட்பது அது.

ஆட்களின் ஒவ்வாமை, சாப்பிடும் மருந்து, ரத்த வகை ஆளுக்கொரு உறையில், ஒட்டி, வெளியே பெயர் மட்டும். மற்றவர்கள் பார்க்கும் ஃபைலில் அது வேண்டாம்.

#16 வாடை

மார்போல் (கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் ஒப்பந்தம்) ஐந்தாம் இணைப்பின்படி குப்பைப் பலகை 12 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகளுக்கு. உங்களுடையது 11. பலகை கட்டாயமில்லை, ஆனால் பிளாஸ்டிக்கைக் கடலில் போடக் கூடாது என்பது எல்லாருக்கும்.

காகிதச் சார்ட் வைத்திருந்தால் திருத்தம் போட்ட கடலோடி அறிவிப்பின் எண்ணைச் சார்ட்டின் கீழ் இடது மூலையில் எழுதுவது மரபு. அந்த மூலையைப் பார்த்தாலே எது வரை திருத்தியது என்று தெரியும். திசைகாட்டியின் பிழை அட்டையில் தேதி இல்லையென்றால் அதை நம்பாதீர்கள். பக்கத்தில் ஸ்பீக்கரோ புது மின்கருவியோ மாட்டியிருந்தால் மறுபடி எடுக்க வேண்டும்.

#17 பில்ஜ்காவலன்

மாறாதது தாளில் நங்கூரச் சங்கிலி விட்டுப்போச்சு. "10 மில்லிமீட்டர்" என்று மட்டும் எழுதினால் பாதி தகவல். சங்கிலிக்குத் தரம் (ஸ்டாண்டர்டு) இரண்டு: 10 மில்லிமீட்டரில் டிஐஎன் 766 சங்கிலியின் கண்ணி உள்நீளம் 28, ஐஎஸ்ஓ 4565 என்றால் 30. கைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சங்கிலி இழுக்கும் வின்ச்சின் சக்கரம் ஒன்றுக்குச் செய்தது இன்னொன்றில் வழுக்கும், அதுவும் சுமை ஏறும்போதுதான். 8 மில்லிமீட்டரில் இந்த வம்பு இல்லை, இரண்டும் 24.

#18 சோழகம்

என்னுடையது 10 தான். ரசீதில் ஸ்டாண்டர்டு எழுதவில்லை. ஒரு கண்ணியை ஸ்கேலில் அளந்தால் 28-ஆ 30-ஆ என்று உறுதியாகச் சொல்ல வரவில்லை, துத்தநாகப் பூச்சு வேறு தடிமனாக இருக்கிறது.

#19 பில்ஜ்காவலன்

ஒரு கண்ணியை அளக்காதீங்க. தேயாத பகுதியில் பத்து கண்ணியை இறுக்கி இழுத்து, முதல் கண்ணியின் வெளி விளிம்பிலிருந்து பத்தாவதின் வெளி விளிம்பு வரை டேப் வையுங்க. 300 வந்தால் டிஐஎன், 320 வந்தால் ஐஎஸ்ஓ. பூச்சு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏமாற்றும், இருபது ஏமாற்றாது. வின்ச் சக்கரத்தின் பக்கவாட்டிலும் ஏதாவது எண் பொறித்திருக்கும், உப்பைத் துடைத்துப் பார்த்து அதையும் அதே வரியில் எழுதிடுங்க.

#20 சோழகம்

320. சக்கரத்தில் உள்ளதும் ஐஎஸ்ஓ என்றே இருக்கிறது. தாளில் ஏற்றிவிட்டேன்.